‘எங்கள் எண்ணெய்ப் பணம் எங்கே?’ - ஒரு அட்டையால் ஆட்டம் கண்ட ஹைட்டி அரசு!

2018 ஆகஸ்ட் 14. கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த ஒரு ஹைட்டிக்காரர், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பழைய அட்டையைப் பிடித்தபடி போட்டோ எடுத்து ட்விட்டரில் போட்டார். அவர் பெயர் கில்பர்ட் மிராம்போ. சினிமா எடுப்பவர். அட்டையில் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்விதான். ‘கோட் கோப் பெத்வோ கரிபே ஆ?’

ஹைட்டி மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசும் கிரியோல் மொழி அது. தமிழில் சொன்னால், ‘பெட்ரோகரீப் பணம் எங்கே?’

அந்தப் படத்துக்கு வந்த வரவேற்பை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். சில நாள்களில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து மயாமி, நியூயார்க், பாரிஸ் வரை ஹைட்டிக்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ, அங்கெல்லாம் ஆளுக்கொரு அட்டை. பாடகர்கள் பிடித்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் பிடித்தார்கள், வயதானவர்கள் பிடித்தார்கள். பத்து நாளில் கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது. அவர்கள் முதலில் போய் உட்கார்ந்த இடம்தான் வேடிக்கை. அதிபர் மாளிகை அல்ல, நாடாளுமன்றமும் அல்ல. அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் நீதிமன்றத்தின் வாசல்!

கரீபியன் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் முதலில் ஞாபகம் வரும். ஹைட்டி அந்தக் கணக்கில் சேராத தீவு நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதால் அங்கே கால்பந்துதான் உயிர். மக்கள்தொகை 1.1 கோடிக்கு மேல். அமெரிக்கக் கண்டங்களிலேயே மிக ஏழை நாடு. ‘ஏழை நாட்டில் கொள்ளையடிக்க என்ன இருக்கிறது’ என்று தோன்றும். இருந்தது. 200 கோடி டாலருக்கு மேல் இருந்தது. இன்றைய மதிப்பில் 17,000 கோடி ரூபாய்க்கு மேல்.

வெனிசுவேலா கொடுத்த வரம்

2005-ல் வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதன் பெயர் பெட்ரோகரீப். தன் நாட்டு எண்ணெயைக் கரீபியன் நாடுகளுக்குக் கடனுக்குக் கொடுப்பது. அதுவும் எப்படிப்பட்ட கடன்! எண்ணெய் விலையில் ஒரு பகுதியை 90 நாளுக்குள் கட்டினால் போதும். மீதியை 25 வருடம் வரை நிதானமாகக் கட்டலாம். வட்டி 1 சதவிகிதம். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏற ஏற, கடனாக விடும் பங்கும் கூடும்.

அமெரிக்காவுக்கு எதிராக அக்கம்பக்க நாடுகளைத் தன் பக்கம் இழுக்க சாவேஸ் போட்ட தூண்டில் இது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால், வாங்கியவர்களுக்கு அது வரம்தான்.

எப்படி என்று பாருங்கள். எண்ணெய் கப்பலில் வந்து இறங்கும். அரசு அதை உள்நாட்டு எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்கும். அவர்கள் முழுத் தொகையையும் அரசிடம் கட்டிவிடுவார்கள். அதில் ஒரு பகுதிதான் வெனிசுவேலாவுக்கு உடனே போக வேண்டும். மீதிப் பணம் அரசின் கையில் நிற்கும். அதை வைத்து ரோடு போடலாம், பள்ளிக்கூடம் கட்டலாம், ஆஸ்பத்திரி திறக்கலாம். கடனைப் பேரப்பிள்ளைகள் காலத்தில் அடைத்துக்கொள்ளலாம்.

அதிபர் ரெனே ப்ரெவால் 2006-ல் பதவிக்கு வந்த கையோடு ஹைட்டி இதில் சேர்ந்தது. 2008-லிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது.

உலக வங்கிக் கடன் என்றால் ஆயிரம் நிபந்தனை இருக்கும். எதற்குச் செலவு செய்தாய், ரசீது எங்கே என்று கேட்பார்கள். பெட்ரோகரீப்பில் அந்தத் தொல்லையெல்லாம் அநேகமாக இல்லை. கேள்வி கேட்காத கடன். பிரச்னையே அங்கேதான் ஆரம்பித்தது என்பேன்.

அவசரம் என்ற சாவி

2010 ஜனவரி 12. மாலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத அதிர்வில் தலைநகரமே தரைமட்டம். இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது அரசு. அதிபர் மாளிகையும் சரிந்தது, நாடாளுமன்றமும் சரிந்தது. வெனிசுவேலா தன் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது.

அந்த வருடம் ஏப்ரலில் ஓர் அவசரநிலைச் சட்டம் வந்தது. டெண்டர், போட்டி ஏலம் போன்ற நடைமுறைகளுக்காகக் காத்திருக்காமல் அரசு நேரடியாக ஒப்பந்தம் போடலாம் என்றது அது. இடிபாடுகளுக்கு நடுவே மக்கள் கூடாரத்தில் படுத்திருக்கும்போது டெண்டர் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாதுதான். நியாயம். ஆனால், 2012-ல் புயல்கள் வந்தபோதும் அதே அவசரநிலை, அதே நேரடி ஒப்பந்தம். ஒருமுறை திறந்த கதவை மூட யாருக்கும் மனம் வரவில்லை.

2011-ல் அதிபரான மிஷெல் மார்ட்டெல்லி அரசியலுக்கு வரும்முன் மேடைப் பாடகர். ‘ஸ்வீட் மிக்கி’ என்ற பெயரில் நாடறிந்தவர். அவர் காலத்தில்தான் பெட்ரோகரீப் பணம் தண்ணீராகப் பாய்ந்தது. ஒவ்வொரு முறையும் அமைச்சரவை கூடி, இன்னின்ன திட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு தீர்மானம் போடும். அதிபர், பிரதமர், அமைச்சர்கள் எல்லோரும் கையெழுத்திடுவார்கள். பணம் போய்விடும். கட்டடம் வந்ததா என்று போய்ப் பார்த்த ஆள் குறைவு.

பக்கத்து நாடான டொமினிகன் குடியரசின் செனட்டர் ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா விவகாரம் ஒன்று போதும். நிலநடுக்கத்துக்குப் பிறகான சீரமைப்பு ஒப்பந்தங்களில் அவருடைய நிறுவனங்கள் புகுந்தன. அவற்றில் ஒன்று, முடிக்காத வேலைக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கியது என்று சொல்லி, 2018-ல் அமெரிக்கா அவர்மீது பொருளாதாரத் தடை போட்டது. கூடாரத்தில் கிடந்தவர்களின் பெயரைச் சொல்லி வந்த பணம் அது.

பிரேசில் மேட்ச் நாளில் விலை உயர்ந்தது

இத்தனையும் நடந்தபோது மக்கள் சும்மாவா இருந்தார்கள்? முணுமுணுப்பு இருந்தது. 2016-லும் 2017-லும் செனட்டர்கள் குழு போட்டு அறிக்கை கொடுத்தார்கள். இரண்டாவது அறிக்கை 600 பக்கத்துக்கு மேல். அரசியல்வாதிகள் அரசியல்வாதிகள்மீது எழுதிய அறிக்கை என்று அதை ஓரம்கட்டுவது ஆட்சியாளர்களுக்குச் சுலபமாக இருந்தது.

மக்களை உசுப்பியது பெட்ரோல் விலை. வெனிசுவேலாவே நொடித்துப்போனதால் மலிவு எண்ணெய் நின்றுபோகும் நிலை. எரிபொருள் மானியத்தை வெட்டச் சொல்லி சர்வதேச நிதியத்தின் நெருக்கடி. 2018 ஜூலை 6 அன்று அரசு விலையை ஏற்றியது. பெட்ரோல் 38 சதவிகிதம், டீசல் 47 சதவிகிதம், மண்ணெண்ணெய் 51 சதவிகிதம்.

அன்று என்ன நாள் தெரியுமா? உலகக் கோப்பைக் கால்பந்து காலிறுதி. பிரேசிலும் பெல்ஜியமும் மோதிய நாள். ஹைட்டிக்காரர்களுக்குப் பிரேசில் என்றால் சொந்த அணி மாதிரி. எல்லோரும் டி.வி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அறிவித்துவிட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். பிரேசில் தோற்றுப்போனது. ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தவர்கள் தெருவுக்கு வந்து பார்த்தால், இது. மறுநாளே விலை உயர்வு வாபஸ். அடுத்த வாரம் பிரதமர் ராஜினாமா.

மண்ணெண்ணெய் விலை 51 சதவிகிதம் ஏறினால் யாருக்கு வலிக்கும்? கரன்ட் இல்லாத வீட்டில் விளக்கேற்றுபவருக்கு வலிக்கும். எண்ணெயால் வந்த 200 கோடி டாலர் எங்கே போனது என்றே தெரியாத நாட்டில், ‘காசில்லை, நீங்கள்தான் தாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று அரசு சொன்னது. அடுத்த மாதம் மிராம்போ கையில் எடுத்த அட்டைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரே ரோடு, இரண்டு காண்ட்ராக்ட்

தணிக்கை நீதிமன்றத்தின் முதல் அறிக்கை 2019 ஜனவரி 31-ல் வந்தது. இரண்டாவது, அந்த வருடம் மே 31-ல், 600 பக்கத்தைத் தாண்டி. மூன்றாவது 2020 ஆகஸ்ட்டில். 2008 செப்டம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை எட்டு வருடக் கணக்கைப் பிரித்துப் போட்டார்கள்.

இந்த அறிக்கைகளில் வரும் ஒரு ரோட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹைட்டியின் வடக்கே போர்ன்யே என்ற ஊர்ப்பக்கம் ஒரு ரோடு. அதைச் சீரமைக்க அக்ரிட்ரான்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதே ரோட்டை, அதே வேலையைச் செய்ய பெடெக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். ஏதோ கைத்தவறு என்று நினைக்கலாம். தணிக்கையாளர்கள் இரண்டு நிறுவனங்களின் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே வரிப் பதிவு எண். ஒரே தொழில் உரிம எண். ஒரே இன்ஜினீயர்கள் பட்டியல். முன்பு செய்து முடித்ததாகக் காட்டிய வேலைகளும் ஒன்றே!

வடிவேலு தொலைத்த கிணற்றை நினைத்துச் சிரிக்கலாம்தான். ஆனால் அக்ரிட்ரான்ஸ் யாருடையது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அது ஒரு வாழைத்தோட்ட நிறுவனம். வாழைப்பழம் விளைவித்து ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கிய நிறுவனம். அதை நடத்தியவர், ‘வாழைப்பழக்காரர்’ என்ற செல்லப்பெயரிலேயே தேர்தல் பிரசாரம் செய்து 2017 பிப்ரவரியில் அதிபரானவர். அவர்தான் ஜோவெனல் மொய்ஸ். அரசியலில் அவரை அறிமுகப்படுத்திக் கைதூக்கிவிட்டவர் மார்ட்டெல்லி.

வாழைத்தோட்ட நிறுவனத்துக்கு ரோடு போடும் வேலை எதற்கு என்ற கேள்வி ஒருபக்கம் இருக்கட்டும். நாட்டை ஆளும் அதிபரின் பழைய நிறுவனம், பொதுப்பணத்தைத் திருப்பிவிடும் சூழ்ச்சியின் மையத்தில் இருந்தது என்று அந்த நாட்டுத் தணிக்கை நீதிமன்றமே எழுதியது. பதவியில் இருக்கும் அதிபரைப் பற்றி இப்படி எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! மொய்ஸ் கடைசிவரை குற்றச்சாட்டை மறுத்தார்.

அந்த வருடம் பிப்ரவரியிலும், பிறகு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையும் நாடே பூட்டிக்கொண்டது. ‘பெயி லோக்’ என்றார்கள். நாட்டுக்கே பூட்டு என்று பொருள். நம்மூர் பந்த் ஒரு நாளில் முடிந்துவிடும். அங்கே இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் ஆக்ஸிஜனுக்கும் தட்டுப்பாடு. அதிபர் நகரவில்லை. போராடியவர்களும் நகரவில்லை.

அடுத்து நடந்தவை

இதற்குப் பிறகு நடந்தவற்றைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

2018 நவம்பரில் தலைநகரின் லா சலீன் சேரிக்குள் ஆயுதக் கும்பல்கள் புகுந்தன. அரசுக்கு எதிரான போராட்டங்களுக்கு ஆள் திரண்ட பகுதி அது. 70-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பினர் கணக்கிட்டார்கள். இதற்காக அமெரிக்கா 2020-ல் தடை விதித்த மூன்று பேரில் ஒருவர் ஆயுதக் கும்பலின் தலைவராகிவிட்ட முன்னாள் போலீஸ்காரர். இன்னொருவர் உள்துறை அமைச்சகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர்!

2020 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை. மொய்ஸ் ஆணை போட்டு ஆளத் தொடங்கினார். அந்த நவம்பரில் போட்ட ஆணை ஒன்று, அரசு ஒப்பந்தங்களில் தணிக்கை நீதிமன்றம் சொல்வது வெறும் ஆலோசனைதான், கட்டுப்படத் தேவையில்லை என்று ஆக்கியது. கணக்குக் கேட்டவரின் பேனாவைப் பிடுங்கிய மாதிரி.

அதற்குச் சில மாதம் முன்பு, ஆகஸ்ட் 28-ல், போர்ட்-ஓ-பிரின்ஸ் வழக்கறிஞர் சங்கத் தலைவர் மான்ஃபெரியே டோர்வால் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசியலமைப்பைத் திருத்தி ஆட்சிமுறையைச் சீராக்க வேண்டும் என்று அன்று வானொலியில் பேசிவிட்டு வந்தவர். 2021 ஜூன் இறுதியில், ஊழலைத் தொடர்ந்து தட்டிக்கேட்ட இளம்பெண் அந்துவானெட் டூக்லேர் சுடப்பட்டு இறந்தார். அதே இரவு பத்திரிகையாளர் டியேகோ சார்லஸும்.

ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜூலை 7 அதிகாலை, ஆயுதம் ஏந்திய வெளிநாட்டுக் கூலிப்படையினர் அதிபர் மொய்ஸின் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். டோர்வால் வீடு இருந்த அதே பெலரன் பகுதிதான் அவருடைய வீடும்.

தன்மீதான குற்றச்சாட்டுக்கு நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டிய ஒருவரைத் துப்பாக்கி முந்திக்கொண்டது. ஹைட்டி மக்களுக்கு உண்மையும் கிடைக்கவில்லை, நீதியும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கொலையால் பெரிதும் பயனடைந்தவர்கள் அந்தப் பணத்தை மொய்ஸுக்கு முன்னால் தின்றவர்கள்தான்.

செனட் இல்லாத ஊரில் செனட் நீதிமன்றம்

சரி, பிரெஞ்சு மொழியில் அத்தனை பக்கம் அறிக்கை எழுதியும் ஏன் ஒரு பெரிய தலைகூட ஹைட்டியில் சிறைக்குப் போகவில்லை? இதற்குப் பதில் ஹைட்டியின் அரசியலமைப்பில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சுவாரஸ்யமான விஷயம்.

சர்வாதிகாரி டுவாலியே குடும்பம் 1957-லிருந்து 1986 வரை நாட்டை ஆண்டது. மகன் டுவாலியே மட்டும் 30 கோடி டாலரிலிருந்து 80 கோடி டாலர் வரை சுருட்டியிருப்பார் என்று டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் மதிப்பிட்டது. 1986-ல் அவர் நாட்டைவிட்டு ஓடினார். 2011-ல் சாவகாசமாகத் திரும்பி வந்தார். வழக்கு முடியும் முன்பே 2014-ல் இறந்தும்போனார்.

அந்தக் குடும்பம் விரட்டப்பட்ட சூட்டோடு எழுதப்பட்டது 1987 அரசியலமைப்பு. இனி ஒரு சர்வாதிகாரி வரவே கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். அதிபரையோ அமைச்சரையோ பதவியில் செய்த குற்றத்துக்காக விசாரிக்க வேண்டுமானால், செனட் சபையே ‘உயர் நீதி மன்றமாக’ உருமாறி உட்கார வேண்டும். தண்டனையும் பதவி நீக்கமும், 5 வருடத்திலிருந்து 15 வருடம் வரை பொதுப்பதவிக்குத் தடையும்தான். சிறை என்றால் அதன் பிறகு சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எழுதியவர்களின் எண்ணம் நல்லதுதான். எதிர்க்கட்சி அமைச்சர்களை எவனோ ஒரு மாஜிஸ்திரேட்டை வைத்துப் பழிவாங்கக் கூடாது என்ற பயம். ஆனால் 2023 ஜனவரியில் கடைசி பத்து செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. செனட்டே இல்லை. செனட் இல்லாவிட்டால் அந்த நீதிமன்றமும் இல்லை. நீதிமன்றம் இல்லாவிட்டால் வழக்கு எங்கே நடக்கும்?

இது ஏட்டளவில் உள்ள சிக்கல் என்று நினைக்காதீர்கள். 2024-ல், தேர்தல் வரும்வரை நாட்டை நடத்த ஒன்பது பேர் கொண்ட இடைக்கால அதிபர் குழு அமைந்தது. அமைந்த சில மாதத்திலேயே புகார். அரசுக்குச் சொந்தமான தேசியக் கடன் வங்கியின் தலைவர், ‘பதவியில் நீடிக்க வேண்டுமானால் 10 கோடி கோர்ட் கொடு என்று குழுவில் மூன்று பேர் கேட்டார்கள்’ என்று எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தார். கோர்ட் என்பது ஹைட்டி நாணயம். டாலரில் ஏறத்தாழ ஏழரை லட்சம். ஊழல் ஒழிப்புப் பிரிவு விசாரித்து, மூவர்மீதும் வழக்கு போடலாம் என்றது. மூவரும் மறுத்தார்கள். 2025 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: இவர்கள் அதிபர் அந்தஸ்தில் இருப்பவர்கள், சாதாரண விசாரணை நீதிபதிக்கு இவர்களை விசாரிக்கும் அதிகாரமில்லை, உயர் நீதி மன்றம்தான் விசாரிக்க முடியும்.

எந்த உயர் நீதி மன்றம்? இல்லாத அந்த நீதிமன்றம்!

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ‘டிஸ்சார்ஜ்’ என்ற சான்றிதழ். பொதுப்பணத்தைக் கையாண்ட ஓர் அமைச்சர் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டுமானால், ‘இவர் கணக்கு சரியாக இருக்கிறது’ என்று நாடாளுமன்றம் சான்று தர வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! நம்மில் பலர் ‘இதை இங்கேயும் கொண்டுவரலாமே’ என்றுகூட நினைப்போம். ஆனால் தணிக்கை நீதிமன்றம் அறிக்கை கொடுத்தாலும், நாடாளுமன்றக் குழு கூடினால்தான் சான்று. வேண்டியவருக்குக் கூடுவார்கள், வேண்டாதவருக்குக் கூட மாட்டார்கள். மார்ட்டெல்லியின் பிரதமராக இருந்த லோரன் லமோத், 2015 அதிபர் தேர்தலில் நிற்க முடியாமல் போனது இந்தச் சான்று இல்லாததால்தான்.

அதே லமோத்தின்மீது 2023-ல் அமெரிக்க அரசு தடை போட்டது. பெட்ரோகரீப் நிதியிலிருந்து குறைந்தது 6 கோடி டாலரைத் தன் சொந்த ஆதாயத்துக்குத் திருப்பினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார். கனடா 2022-லேயே மார்ட்டெல்லி, லமோத் இருவர்மீதும் தடை போட்டிருந்தது, கும்பல்களுக்கு ஆதரவு தந்தார்கள் என்று. ஹைட்டிக்காரர்களின் பணத்தைத் தொலைத்ததற்கு அமெரிக்க விசா ரத்தாகிறது. ஹைட்டியில் வழக்கு நகரவில்லை. இதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாரைக் குறை சொல்வது?

‘ஹைட்டி என்றாலே இப்படித்தான்’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. அடிமைகளாக இருந்தவர்களே போராடி நெப்போலியன் படையைத் தோற்கடித்து, 1804-ல் சுதந்திரம் பெற்ற நாடு அது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘எங்கள் அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்ததற்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடு’ என்று கேட்டது. பிறகு அது 9 கோடியாகக் குறைந்தது. அதைக் கட்ட வாங்கிய கடன்களை அடைத்து முடித்தபோது 1947. 1914-ல் அமெரிக்கக் கடற்படையினர் ஹைட்டி தேசிய வங்கியிலிருந்த 5 லட்சம் டாலர் தங்கத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார்கள். அடுத்த வருடம் ஆக்கிரமித்தவர்கள் 1934 வரை இருந்தார்கள். வெளியே இருந்து வந்த கொள்ளை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால், இதைச் சொல்லி பெட்ரோகரீப் ஆசாமிகளைத் தப்பவிட முடியாது. அந்தப் பணம் யாரும் பீரங்கியைக் காட்டிப் பறித்தது அல்ல. சொந்த அமைச்சரவை கையெழுத்துப் போட்டுச் செலவழித்தது.

நாட்டின் தந்தை டெஸ்ஸலின், தன் அதிகாரிகளைப் பற்றிச் சொன்னதாக ஒரு வாசகம் அங்கே பிரபலம். ‘கோழியின் இறகைப் பிடுங்கிக்கொள், ஆனால் அது கத்தாமல் பார்த்துக்கொள்.’ அவர் கொல்லப்பட்ட அக்டோபர் 17-ம் தேதியைத்தான் 2018-ல் போராட்டக்காரர்கள் முதல் பெரிய பேரணிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கோழி அன்று கத்தியது.

அரசு பலவீனமானதும் அந்த இடத்தைக் கும்பல்கள் பிடித்துக்கொண்டன. தேர்தலுக்கு ஆள் திரட்டவும், எதிரியின் கூட்டத்தைக் கலைக்கவும் அரசியல்வாதிகளும் பணக்காரர்களும் வளர்த்த கும்பல்கள், வளர்த்தவர்களை மிஞ்சிவிட்டன. 2024-ல் மட்டும் 5,600-க்கு மேல் கொலைகள் என்கிறது ஐ.நா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். 2025 நவம்பரில் ஹைட்டி கால்பந்து அணி 1974-க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தெருவெல்லாம் கொண்டாட்டம். ஆனால், அந்த அணி தன் ‘சொந்த மண்’ ஆட்டங்களை ஆடியது குராசோ தீவில். தலைநகரின் மைதானம் கும்பல் பகுதிக்குள் சிக்கியிருக்கிறது.

எங்கே தொடங்கலாம்?

தீர்வே இல்லையா என்றால், ஹைட்டி வழக்கறிஞர்களும் இளைஞர் அமைப்புகளும் பல வருடமாகச் சொல்லிவருபவை இருக்கின்றன. நிதிக் குற்றங்களை மட்டும் விசாரிக்கத் தனி நீதிப்பிரிவு வேண்டும் என்பது முதலாவது. 2025-ல் அதற்கான ஆணை வந்துவிட்டது. ஆனால் நீதிபதிக்குப் பாதுகாப்பும் சம்பளமும் அலுவலகக் கட்டடமும் வேண்டும். தலைநகரில் நீதிமன்ற வளாகமே கும்பல் கைக்குப் போன நாட்டில் அது லேசான காரியமல்ல. தணிக்கை நீதிமன்றத்தின் பிடுங்கப்பட்ட அதிகாரத்தைத் திருப்பித் தர வேண்டும். அமைச்சர்களும் அதிகாரிகளும் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்று 2008-லேயே சட்டம் இருக்கிறது, காட்டாதவர்கள்மீது பாய வேண்டும். 2014-ல் தனி ஊழல் தடுப்புச் சட்டமும் வந்தாயிற்று. சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு முக்கியமாகப்படுவது வேறு ஒன்று. துறைமுகமும் சுங்கச்சாவடியும். ஹைட்டி அரசுக்கு வரும் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5, 6 சதவிகிதம்தான். உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. வருகிற வரியிலும் பெரும்பங்கு சுங்கத்தில் வருவது. டொமினிகன் எல்லை வழியாகவும் கப்பல் வழியாகவும் கணக்கில் வராமல் நுழையும் சரக்கின் பின்னால் பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள்தான் தேர்தலுக்குப் பணம் கொடுப்பவர்களும். போலீஸுக்குச் சம்பளம் கொடுக்கவே வழியில்லாத அரசு, யாரோ கடன் கொடுத்தால் மயங்கத்தான் செய்யும். சுங்கத்தைச் சரிசெய்யாமல் அரசியலமைப்பை எத்தனை முறை திருத்தினாலும் வேலைக்கு ஆகாது.

பெட்ரோகரீப் அறிக்கைகள் மூன்றும் வெளியாகி, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எந்த அமைச்சகம், எந்த நிறுவனம், எந்த ஊர் ரோடு, எவ்வளவு தொகை என்று திட்டம் திட்டமாக இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர் நினைத்தால், தன் ஊர்ப் பெயரைத் தேடி எடுத்து, அந்த ரோடு இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்.